பாட்டிலைத் துப்புகிற பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பது?

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. இனியும் வீட்டில் இருந்தால் கட்டுப்படியாகாது. கடல்பாசி எடுக்கவோ, கருவாடு காயவைக்கவோ, ராமநாதபுரத்து ஜவுளிக்கடைக்கோ திரும்பிப் போயாக வேண்டும். பால் பாட்டில் வாங்கி வந்து வாயில் வைத்தால் பிள்ளை நாக்கால் தள்ளுகிறது, முதுகை வளைத்துக் கத்துகிறது. ரப்பரை மாற்றிப் பார்த்தாயிற்று. பாலைச் சூடாக்கியும் ஆறவைத்தும் பார்த்தாயிற்று. 'ரெண்டு நேரம் பட்டினி போடு, தானா குடிக்கும்' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இந்த நிலையில் நீங்கள் இருந்தால், பட்டினி போடும் முன் ஒன்றை யோசியுங்கள். பாட்டில் எதற்கு?

பிள்ளைக்கு வேண்டியது பால். அது பாட்டில் வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. மார்பில் குடிக்க முடியாத குறைமாதக் குழந்தைகளுக்கே நம் அரசு மருத்துவமனைகளில் பாலாடையிலோ (ஒரு பக்கம் மூக்கு நீண்ட சிறிய கிண்ணம்) சின்னக் கோப்பையிலோதான் பால் கொடுக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ குழந்தையால் முடிகிறதென்றால் உங்கள் மூன்று மாதப் பிள்ளையால் தாராளமாக முடியும்.

பாலாடை உங்களுக்குப் புதிதில்லை. அதுதான் நம் வீட்டுப் பால்சங்கு. கீழக்கரையிலும் ராமேசுவரத்திலும் முக்குளித்து எடுத்த சங்கில் சிறியதைத் தேய்த்து, பிள்ளைக்குப் பால் புகட்ட வைத்திருந்த கரை இது. பிறகு அதே வடிவத்தில் வெள்ளியிலும் பித்தளையிலும் செய்தார்கள். இப்போது பாத்திரக்கடையில் ஸ்டீலில் கிடைக்கிறது. வாங்கும்போது ஸ்டீலையே வாங்குங்கள். உண்மையான சங்கின் உள்மடிப்பில் பால் தங்கினால் கழுவ முடியாது.

சரி, பிள்ளை ஏன் பாட்டிலைத் தள்ளுகிறது? மார்பில் குடிக்கும்போது வாயை அகலத் திறந்து, நாக்கை முன்னே நீட்டி, தாடையை அசைத்துப் பாலை இழுக்கிறது. வேகம் அதன் கையில். பாட்டில் ரப்பரிலோ பால் தானாக ஒழுகுகிறது. நாக்கு வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். பிறந்த புதிதில் வாயில் எதை வைத்தாலும் உறிஞ்சும். சில மாதங்கள் போனால் உறிஞ்சுவது அதன் விருப்பத்துக்கு வந்துவிடுகிறது. அம்மாவின் சூடும் மணமும் இல்லாத ஒன்றை அது மறுப்பது பிடிவாதமும் அல்ல, நோயும் அல்ல.

பட்டினி போட்டால் குடிக்காதா? சில பிள்ளைகள் குடிக்கலாம். பல பிள்ளைகள் அழுது அழுது களைத்துத் தூங்கிவிடும். இந்த வெயிலில் மூன்று நான்கு மாதக் குழந்தையை வெறும் வயிற்றில் போடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. செய்யாதீர்கள்.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது, தண்ணீர். பாட்டிலையும் ரப்பரையும் ஒவ்வொரு முறையும் பிரஷ் விட்டுக் கழுவி, கொதிக்கவைக்க வேண்டும். ரப்பரின் மடிப்பில் ஒட்டிய பால் இந்தச் சூட்டில் மிகச் சீக்கிரம் கெடும். போர்த் தண்ணீர் உப்புக்கரிக்கிற, காவிரித் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களை வரிசை வைக்கிற ஊரில் இது எத்தனை வீட்டில் நடக்கும்? பாலாடைக்கும் கோப்பைக்கும் மடிப்பே கிடையாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து எடுத்தால் போதும்.

இப்போது புகட்டும் முறை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்; தவறு நடப்பது இங்கேதான். பழைய வழக்கப்படி காலை நீட்டி, பிள்ளையை மல்லாக்கப் போட்டு, சங்கை வாய்க்குள் செருகி மடமடவென்று ஊற்றக் கூடாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவது அதைவிட மோசம். பால் நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து.

பிள்ளை நன்றாக விழித்திருக்க வேண்டும். கையைத் தட்டிவிடாமல் இருக்க ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி, மடியில் ஏறக்குறைய உட்கார்ந்த வாக்கில் வைத்து, பின்னங்கழுத்தை உள்ளங்கையில் தாங்குங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துணி. பாலாடையை முக்கால் அளவு நிரப்பி, மூக்கு நுனியைக் கீழ் உதட்டின் மேல், வாயின் ஓரமாக வையுங்கள். உதட்டில் பால் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். ஊற்றாதீர்கள், காத்திருங்கள். நாக்கு வெளியே வந்து நக்கும். கொஞ்சம் வாய்க்குள் எடுக்கும், விழுங்கும், நிறுத்தும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சாய்ப்பு. வாயை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பினாலோ அந்த நேரத்துக்கு முடிந்தது என்று அர்த்தம்.

முதல் இரண்டு மூன்று நாள் பாதிப் பால் கழுத்துத் துணியில்தான் இருக்கும். பதறாதீர்கள். ஒரு நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்காமல், முழு நாளில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போராட வேண்டாம்.

யார் புகட்டுவது? நீங்கள் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு உங்கள் மணம் தெரியும். மார்பு இருக்கக் கோப்பை எதற்கு என்றுதான் அதற்குத் தோன்றும். மாமியாரோ, அம்மாவோ, கணவரோ புகட்டட்டும். நீங்கள் தெருமுனை வரை போய்விடுங்கள். பசித்து வீறிடும்வரை காத்திருக்காமல், பசி எட்டிப் பார்க்கும்போதே, அதாவது கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தலையைத் திருப்பித் தேடும்போதே தொடங்க வேண்டும். நீங்கள் உடுத்திக் கழற்றிய புடவையை மடியில் விரித்துக்கொண்டால் சில பிள்ளைகள் அமைதியாகும். வேலைக்குப் போகும் நாளன்றுதான் முதல்முறை என்று வைத்துக்கொள்ளாமல், இரண்டு வாரம் முன்பே ஒரு வேளை ஒரு வேளையாகப் பழக்குங்கள்.

எவ்வளவு பால் எடுத்து வைக்க வேண்டும்? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். கொஞ்சம் கூடும், குறையும். மணிக்கு 30 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேரம் வெளியே இருந்தால் 150 மில்லி. ஒரு காபி தம்ளர். மலைக்கும்படியான அளவு இல்லை. அதிலும் பாதியை மட்டும் குடித்துவிட்டு, நீங்கள் வந்ததும் மீதிக்குச் சேர்த்து இரவெல்லாம் குடிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் நனைந்து, எடையும் ஏறினால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் தூக்கம்தான் கெடும். பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

பாலைப் பீச்சி எடுக்க மெஷின் வாங்க வேண்டுமா? இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கை போதும். கையைக் கழுவுங்கள். கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும், காம்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். காம்பை இழுக்கக் கூடாது. இழுத்தால் வலிக்கும், பாலும் வராது. முதல் ஓரிரு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பிறகு பீறிடும். விடிகாலையில், பிள்ளை குடித்து முடித்த பிறகு எடுத்தால் அதிகம் கிடைக்கும்.

எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்? குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு எழுதிய கணக்கை இங்கே அப்படியே எடுக்க முடியாது. 30 டிகிரியைத் தாண்டும் நம் வீட்டுக்குள் மூடி போட்ட ஸ்டீல் டப்பாவில் மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு. ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள். மின்சாரம் அடிக்கடி போனால் அதை நம்பாதீர்கள், அன்றைய பாலை அன்றே கொடுங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஒரு வசதி இந்தக் கரையில் உண்டு, ஐஸ். மீனுக்கு வைக்கிற தெர்மாகோல் பெட்டி போலவே புதிதாக ஒன்று வாங்கி, ஐஸ் போட்டு, அதில் பால் டப்பாவை வைத்தால் ஐஸ் உருகாதவரை ஒரு நாள் முழுக்கப் பால் கெடாது. மீன் வைத்த பழைய பெட்டி வேண்டாம். மீனுக்கு அடிக்கும் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது; அதனால் ஐஸைப் பாலிதீன் பைக்குள் கட்டிப் போடுங்கள், டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கொடுக்கும் முன் பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். டப்பாவைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் இறக்கி வைத்தால் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்; மெல்லக் கலக்கினால் சேர்ந்துவிடும். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டதை மட்டும் அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

சின்னப்பாலம், ஏர்வாடி, மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். காலையில் வள்ளம் ஏறினால் கரை திரும்ப மதியம் ஆகிவிடும். அதற்குள் மார்பு கல்லாகக் கனத்துவிடும். கிளம்புமுன் பிள்ளைக்குக் கொடுத்து, மிச்சத்தைப் பீச்சி வைத்துவிட்டுப் போங்கள். நடுவில் கனத்தால், வள்ளத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு வலி குறையும் அளவுக்குப் பீச்சிவிடுங்கள். அந்தப் பால் கடலோடு போனால் போகட்டும். முழுக்கக் கட்டவிட்டால் காய்ச்சலில் முடியும். திரும்பி வந்ததும் உப்புத் தண்ணீரோடு பிள்ளையை எடுக்க வேண்டாம். ஒரு செம்பு நல்ல தண்ணீரில் மார்பைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். உப்புக்கரித்தால் பிள்ளை முகம் திருப்பலாம். வெடிப்பு இருந்தால் உங்களுக்கும் எரியும்.

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மார்பையே மறுத்தால்? முதலில் உங்கள் மேல் என்ன மணம் என்று பாருங்கள். தலைவலிக்குக் கோடாலித் தைலம் தேய்த்தீர்களா, புது சோப்பா, புதுப் பவுடரா? கழுவிவிட்டுக் கொடுங்கள். பிள்ளைக்கு மூக்கு அடைத்திருந்தால் மூச்சுவிட முடியாமல் விட்டுவிடும். வாய்க்குள் தயிர் போல வெள்ளை படிந்து, துடைத்தாலும் போகாவிட்டால் அது பூஞ்சை, மருந்துண்டு. காதுவலியும் காரணமாகலாம். மார்பை மறுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பலிக்கும் வழி, அரைத்தூக்கத்தில், இருட்டான அறையில், பிள்ளையின் தோல் உங்கள் தோலில் படும்படி அணைத்துக்கொண்டு கொடுப்பது.

இதுவரை சொன்னதெல்லாம் பால் இருக்கிறவர்களுக்கு. 'எனக்குப் பாலே பத்தலையே' என்கிறீர்களா? அப்படிச் சொல்கிற தாய்மாரில் பெரும்பாலோருக்குப் பால் போதும் அளவுக்கு இருக்கும், அல்லது வரவழைக்க முடியும். பிள்ளை அழுவதை வைத்தும், மார்பு தளர்ந்திருப்பதை வைத்தும் முடிவுகட்டாதீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு மார்பு தளர்ந்திருப்பதுதான் இயல்பு. பார்க்க வேண்டியவை இரண்டே. முதலாவது சிறுநீர், பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது, மஞ்சளடிக்காமல் போக வேண்டும். இரண்டாவது எடை, முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், அதன்பின் முதல் மூன்று மாதம் தினம் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ எடை போட்டு அட்டையில் குறித்து வாங்குங்கள்.

பால் எப்படி ஊறுகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நம் ஊர் மணல் ஊற்று போலத்தான். இறைத்தால் ஊறும், இறைக்காமல் விட்டால் தூர்ந்துபோகும். பத்தவில்லை என்று பயந்து பவுடர் பாலை இரண்டு வேளை கொடுத்தால், அந்த இரண்டு வேளை மார்பு காலியாகவில்லை. அடுத்த நாள் அந்த அளவுக்குக் குறைவாகவே ஊறும். இப்படியே பத்து நாளில் உண்மையாகவே பத்தாமல் போகும். ஆகவே பால் கூட வேண்டுமானால் நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுங்கள், இரவில் கட்டாயம் கொடுங்கள். பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் (உடம்புக்குள் ஊறும் தூது நீர்) இரவில்தான் அதிகம்.

அப்படியானால் சுறாப்புட்டு? காரல் குழம்பு? பூண்டு? சாப்பிடுங்கள், தடையில்லை. பிரசவித்த உடம்புக்குப் புரதம் வேண்டும். அதை மீனிலிருந்து எடுக்கிற நம் பாட்டிமார் ஏமாளிகள் இல்லை. ஆனால் பிள்ளையை மார்பில் போடாமல் சுறாப்புட்டை மட்டும் சாப்பிட்டால் பால் கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும். பாலூட்டும் காலத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சின்னப் பால்சுறா எப்போதாவது போதும். காரல், மத்தி, நெத்திலியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயமில்லாமல் சாப்பிடலாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தாகத்துக்குக் குடிக்கவிடாமல் வைத்தால், இந்த வெயிலில் உங்களுக்கு மலச்சிக்கலும் மயக்கமும்தான் வரும்.

பிள்ளைக்குத் தண்ணீர் தர வேண்டாமா, தொண்டை காயாதா? ஆறு மாதம் முடியும்வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம், அக்கினி நட்சத்திரத்திலும்கூட. தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். தாகமெடுத்தால் அடிக்கடி குடிக்கும், அவ்வளவே. சேனை வைப்பதும் (பிறந்ததும் நாக்கில் இனிப்பு தடவுவது), சர்க்கரைத் தண்ணீரும், தெருவில் விற்றுவரும் கழுதைப் பாலும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும். வீட்டுப் பெரியவர் ஆசைப்பட்டால் பிள்ளையை அவர் மடியில் வைத்து ஆசீர்வதிக்கட்டும், நாக்கில் எதையும் தடவ வேண்டாம்.

வலி உயிர் போகிறது, எப்படிக் கொடுப்பது? முதல் சில நாள் லேசாகக் கூசும். அதற்கு மேல் வலித்தாலோ காம்பு வெடித்தாலோ, பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று பொருள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். பிள்ளையின் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக வருமாறு பிடித்து, மேலுதட்டைக் காம்பால் தடவுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை உங்களிடம் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைத் திணிக்காதீர்கள். சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் ஒட்டியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு விடுவித்து மறுபடி பிடிக்கவையுங்கள். காம்பு உள்ளிழுத்திருந்தாலோ, பிள்ளைக்கு நாக்குக் கட்டு (நாக்கின் அடியில் தோல் இழுத்துப் பிடிப்பது) இருந்தாலோ மருத்துவமனையில் காட்டுங்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள் தையலில் அழுத்தாமல் ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம். பால் சுரப்பு ஓரிரு நாள் தாமதமாகலாம். பிறந்த அன்று பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்குச் சில ஸ்பூன்கூடத் தேவையில்லை. சொட்டுச் சொட்டாக வரும் மஞ்சள் நிறச் சீம்பால் போதும்.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டால் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். தங்கச்சிமடத்து நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிற ஊரில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கவனம். மல்லிகை கட்டினால் பால் சுரப்பே அடங்குகிறது என்று வேலூர் மருத்துவர்கள் 1988-ல் ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். பால் மறக்கடிக்க வேண்டியவர்களுக்கு அது சரி. தொடர்ந்து கொடுக்கப்போகிற நீங்கள் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். மார்புக்கு, கொடுக்கும் முன் கொஞ்சம் கையால் பீச்சி இளகவைப்பது, பிள்ளையைக் குடிக்கவிடுவது, பிறகு குளிர்ந்த ஈரத்துணி. ஒரு இடம் சிவந்து, கட்டி வலித்து, குளிர்க்காய்ச்சல் வந்தால் அது மார்பு அழற்சி (பால் தேங்கிய இடத்தில் வீங்கிச் சிவப்பது). அப்போதும் அந்தப் பக்கம் கொடுக்கலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாளில் காய்ச்சல் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு.

எல்லாம் செய்தும் பால் போதவில்லையென்றால் பவுடர் பால் கொடுப்பது குற்றம் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொடுங்கள், யார் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் டப்பா மேல் எழுதியிருக்கிற அளவு மாறக் கூடாது. நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை எடை இறங்கும். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைத்த பிறகே கலக்க வேண்டும். உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீரைத் தொடாதீர்கள், கொதிக்கவைத்தால் உப்பு போகாது. தண்ணீர் கலந்த மாட்டுப்பால் ஒரு வயதுக்கு முன் வேண்டாம். பவுடர் பாலையும் பாலாடையிலேயே புகட்டலாம்.

டிவியில் சோப்புக்கும் டயப்பருக்கும் விளம்பரம் வருகிறது, பால் பாட்டிலுக்கு வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட மத்தியச் சட்டம் பால் பாட்டிலையும், இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பவுடர் பால், டப்பா உணவுகளையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. மருத்துவமனையில் யாராவது இலவச டப்பாவை நீட்டினால் அதுவும் சட்டப்படி தவறுதான். நாட்டில் இத்தனை சட்டம் சும்மா கிடக்க, இது ஒன்று உருப்படியாக வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு, மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திரும்பி வந்த பிறகும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை கேட்கலாம். பால் பீச்சவும் அதைப் பயன்படுத்தலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும். முதலாளிக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். பாசி எடுப்பவருக்கும் மீன் கூடை சுமப்பவருக்கும் இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்கள் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கேட்கலாம். அதற்குக் கர்ப்பமான தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்திருக்க வேண்டும். பயணத்தில் இருந்தால், 2015 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்திருக்கிறார்கள். பூட்டிக் கிடந்தால் கூச்சப்படாமல் நேரக்காப்பாளரிடம் சாவி கேளுங்கள்.

எப்போது ஓட வேண்டும்? பிள்ளை பால் குடிக்க எழும்பாமல் துவண்டு கிடந்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், மஞ்சள் உள்ளங்கால் வரை ஏறியிருந்தால், குடிக்கும்போது உதடு நீலமானால், மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை 2022 ஜனவரியிலிருந்து மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. குழந்தை மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். இரவில் ஒரு சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104-க்குப் பேசலாம், காசில்லை.

இன்னும் எத்தனை நாள் இந்தப் பாலாடைப் பாடு? ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்புச் சாதம், முள் பார்த்து எடுத்த மீன் என்று தொடங்கிவிடலாம். தண்ணீரும் பீச்சிய பாலும் சின்னத் தம்ளரில், நீங்கள் பிடித்துக்கொள்ள, அதுவே குடிக்கப் பழகும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இரவிலுமாகத் தொடருங்கள். வாங்கி வைத்த பாட்டிலின் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, புட்டியை மட்டும் பால் அளக்க வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் மில்லிக் கோடு போட்டிருக்கும், கணக்குப் பார்க்க வசதி.